எர்த் கம்பியும் மனச்சான்றும்

ஓசை நின்றுவிட்டால் குறையும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது மனித இயல்பு. நள்ளிரவில் நாய் விடாது குரைத்தால் அதை அதட்டி அடக்குகிறோம். அது அடங்கியதும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உறங்கிவிடுகிறோம். நாய் எதைக் கண்டு குரைத்தது என்று எழுந்து சென்று பார்ப்பவர் நம்முள் சிலரே. ஓசையை நிறுத்துவது ஒன்று. ஓசைக்குக் காரணமானதைக் கண்டு நீக்குவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில வேளைகளில் ஓர் உயிரின் விலைக்கு ஒப்பாகிவிடுகிறது. இதை உணர்ந்துகொள்ளப் பெரிய தத்துவ நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. மின்சாரக் கிட்டாரோடு இணைக்கப்படும் ஆம்ப்ளிஃபயர் என்னும் பெட்டி ஒன்றே நமக்குப் போதிய பாடம் புகட்டும்.

மெல்லிசைக் குழுக்களிலும், கல்லூரி விழாக்களிலும், ஆலயப் பாடகர் குழுக்களிலும் கிட்டார் இடம்பெற்றுவிட்ட காலம் இது. அதை வாசிப்போர் யாவரும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பெட்டியின் சுவிட்சைப் போட்டதும், தந்தி எதையும் தொடுவதற்கு முன்னரே, ‘உம்ம்’ என்று ஓர் உறுமல் கிளம்பும். பாட்டு மெல்லொலியில் தவழ வேண்டிய இடத்தில் அவ்வுறுமல் அதை விழுங்கிவிடும். இதை எவ்வாறு போக்குவது என்பது தொழில்நுட்பம் சார்ந்த கேள்வி. எவ்வாறு போக்கலாகாது என்பது அறநெறி சார்ந்த கேள்வி. நாம் இங்கே ஆராய விழைவது இரண்டாவது கேள்வியையே. ஆயினும், முதற் கேள்வியை ஓரளவேனும் அறியாதவர் இரண்டாவதற்கு விடை சொல்ல இயலாது. எனவே அதிலிருந்தே தொடங்குவோம்.

உறுமலின் பிறப்பிடம்

மின்சாரக் கிட்டாரின் தந்திகளுக்குக் கீழே காந்தத்தைச் சுற்றி, மயிரிழை போன்ற செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். இதற்குப் பிக்கப் என்று பெயர். இரும்பு கலந்த தந்தி அதிரும்போது இச்சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. அதைப் பன்மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவதே ஆம்ப்ளிஃபயரின் பணி. அதற்கு இசை எது, இரைச்சல் எது என்று பிரித்தறியத் தெரியாது. வாயிலில் எது நுழைகிறதோ அதைப் பெரிதாக்கித் தருவது மட்டுமே அதற்குத் தெரியும்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைந்து ஓடுவது. அமெரிக்காவில் 60 முறை. நம் சுவர்களுக்குள் ஓடும் கம்பிகளும், டியூப் லைட்டின் சோக்கும், டிரான்ஸ்ஃபார்மர்களும் இவ்வதிர்வைச் சுற்றிலும் பரப்பிக்கொண்டே இருக்கின்றன. பிக்கப் சுருள் தந்தியின் அதிர்வைக் கேட்பது போலவே இதையும் கேட்டுவிடுகிறது. இது வெளியிலிருந்து வரும் உறுமல். உள்ளிருந்து எழும் உறுமலும் உண்டு. சுவரிலிருந்து வரும் மாறுமின்சாரத்தைப் பெட்டி நேர்மின்சாரமாக மாற்றிக்கொள்கிறது. அவ்வாறு மாற்றும்போது நொடிக்கு 100 முறை எழுந்து விழும் சிற்றலை ஒன்று எஞ்சும். அந்த அலையைச் சமப்படுத்த வேண்டிய கண்டென்சர்கள் முதுமையுற்றால் அலை அப்படியே ஸ்பீக்கருக்கு வந்து சேரும்.

ஆகவே உறுமலுக்கும் சுருதி உண்டு. கிட்டாரின் தடித்த ஆறாவது தந்தியின் மூன்றாம் கட்டையில் பிறக்கும் ஒலி நொடிக்குச் சுமார் 98 அதிர்வு உடையது. அதையொட்டி, மயிரிழை ஏறினாற்போல் ஒலிக்கும் உறுமல் 100 அதிர்வுடையது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே ஆழ்ந்து முழங்குவது 50 அதிர்வுடையது. பழகிய செவி இதை வைத்தே காரணத்தில் பாதியைக் கண்டுகொள்ளும். உறுமல் வெறும் தொல்லை அன்று. அது ஒரு செய்தி. தன் பிறப்பிடத்தின் அடையாளத்தைத் தன் சுருதியிலேயே சுமந்து வருகிறது.

தேடும் ஒழுங்கு

தேர்ந்த மெக்கானிக் உறுமலைக் கேட்டவுடன் திருப்புளியை எடுப்பதில்லை. குற்றம் பெட்டிக்கு உள்ளேயா வெளியேயா என்றே அவர் முதலில் வினவுகிறார். கிட்டாரின் ஒயரைப் பெட்டியிலிருந்து பிடுங்குகிறார். பெரும்பாலான பெட்டிகளில், ஒயர் செருகப்படாத துளை தன் வாயைத் தானே அடைத்துக்கொள்ளும் வகையில் அமைந்திருக்கும். பிடுங்கியதும் உறுமல் நின்றால் பெட்டி குற்றமற்றது. ஒயரின் உட்கம்பியைச் சுற்றிக் கவசமாக அமைந்த பின்னல், பிளக்கின் பற்றாசு வைத்த இடத்தில் அறுந்திருக்கலாம். கிட்டாரை ஏந்தியவர் மெல்லத் திரும்பும்போது உறுமல் ஏறி இறங்கினால், குற்றம் ஒயரிலும் இல்லை. அறையில் எரியும் விளக்கிலோ அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கிறது.

ஒயரைப் பிடுங்கிய பின்னும் உறுமல் தொடருமாயின், அவர் ஒலியளவுக் குமிழைத் திருப்புகிறார். குமிழோடு சேர்ந்து உறுமலும் கூடிக் குறைந்தால், கோளாறு குமிழுக்கு முன்னால் உள்ள பகுதியில் இருக்கிறது. குமிழைப் பொருட்படுத்தாமல் உறுமல் ஒரே நிலையில் நின்றால், கோளாறு அதற்குப் பின்னால், மின்வழங்கு பகுதியிலோ இறுதிப் பகுதியிலோ இருக்கிறது. 100 அதிர்வுச் சுருதி கண்டென்சரைச் சுட்டும். வால்வுப் பெட்டியாயின், இணையாக உழைக்க வேண்டிய இரு வால்வுகளுள் ஒன்று தளர்ந்திருக்கவும் கூடும். இரண்டும் சமபலத்தோடு இருந்தவரை ஒன்றின் சிற்றலையை மற்றொன்று அழித்து வந்தது. ஒன்று தளர்ந்ததும் அந்தச் சமநிலை குலைந்து அலை வெளிப்படுகிறது.

இங்கு ஓர் எச்சரிக்கையையும் பதிவு செய்தல் கடமை. வால்வுப் பெட்டியின் கண்டென்சர்கள், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைத் தம்முள் அடக்கி வைத்திருக்க வல்லவை. அணைந்துவிட்டது என்று நாம் நம்பும் பெட்டியும் ஆளைக் கொல்லும். முறையாகக் கற்றவரன்றி மற்றவர் அதைத் திறத்தல் ஆகாது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவனுக்கு வகுக்கும் ஒழுங்கு, காரணத்தைக் கண்ட பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பதாகும். நல்ல மெக்கானிக்கின் ஒழுங்கும் அதுவே. அவர் ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதியைக் குற்றமற்றது என்று விடுவிக்கிறார். எஞ்சியதன் மீதே கை வைக்கிறார். இதில் பொறுமை இருக்கிறது. அதைவிடப் பெரிதாக, நீதி இருக்கிறது.

மூன்றாம் முள்

இனி நம் கேள்வியின் மையத்துக்கு வருவோம். இதுவரை கூறிய காரணங்கள் எதிலும் சேராத உறுமல் ஒன்று உண்டு. கிட்டார்ப் பெட்டி தனியே இருக்கும்போது அமைதியாக இருக்கும். மேடையில் அதை மைக் செட்டோடு ஒயர் வழியாக இணைத்ததும் உறுமத் தொடங்கும். இரு பெட்டிகளும் தத்தம் பிளக்குகளின் வழியே நிலத்தோடு இணைந்திருக்கின்றன. இப்போது ஒயரின் கவசம் வழியாக ஒன்றோடொன்றும் இணைந்துவிட்டன. இவ்வாறு ஒரு வளையம் உருவாகிறது. அவ்வளையத்தில் நுண்ணிய மின்னோட்டம் சுற்றி ஓடி உறுமலாகக் கேட்கிறது.

இதைத் தீர்க்க நேர்மையான வழிகள் உள்ளன. இரு பெட்டிகளையும் ஒரே இடத்திலுள்ள சாக்கெட்டுகளில் செருகிப் பார்க்கலாம். இசை செல்லும் ஒயரின் நடுவே, ஒலியை மட்டும் கடத்தி மின்தொடர்பைத் துண்டிக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மரை அமைக்கலாம். மேடைகளில் பயன்படும் டி.ஐ. பெட்டி என்னும் இணைப்புப் பெட்டியில் இதற்கென்றே ஒரு சுவிட்சு உண்டு. அது ஒலி ஒயரின் கவசத்தை மட்டும் பிரிக்கும், மின்பிளக்கின் எர்த் இணைப்பைத் தொடாது. ஆனால் இவை அனைத்தையும்விட விரைவான, செலவே இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. பிளக்கைத் திறந்து பச்சை நிற எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது அல்லது மூன்றாம் முள்ளை உடைத்துவிடுவது. அந்தக் கணமே உறுமல் அடங்கிவிடும். மேடையில் உள்ளோர் யாவரும் பெருமூச்சு விடுவர்.

அந்த மூன்றாம் முள் எதற்காக இருக்கிறது? நம் பிளக்கை எடுத்துப் பார்த்தால், மற்ற இரண்டைவிட அது தடித்தும் நீண்டும் இருப்பதைக் காணலாம். செருகும்போது முதலில் தொடுவதும், பிடுங்கும்போது கடைசியில் விடுவதும் அதுவாக இருக்க வேண்டும் என்றே அவ்வாறு அமைத்திருக்கிறார்கள். பெட்டிக்குள் மின்கம்பி ஒன்று நழுவி உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் கம்பி அம்மின்சாரம் முழுவதையும் தன்மீது ஏற்று நிலத்துக்குக் கொண்டு செல்லும். அவ்வளவு மின்சாரம் பாய்வதால் பியூஸ் எரிந்து இணைப்பு அறுபடும். எர்த் கம்பி இல்லையேல் பெட்டியின் உடல் 230 வோல்ட் சுமந்தபடி அமைதியாகக் காத்திருக்கும். பியூசும் நம்மைக் காக்காது. மனித உடலில், நெஞ்சின் வழியே, ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு பாய்ந்தாலே உயிர் போகக்கூடும். ஓரிரு ஆம்பியர் தாங்கும் பியூசோ அதை உணர்வதுகூட இல்லை.

கிட்டார்க் கலைஞரின் நிலை இதில் தனித்தன்மை உடையது. கிட்டாரின் தந்திகள் ஒயரின் கவசம் வழியே ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலோடு இணைக்கப்பட்டவை. தந்தியைத் தொட்டதும் உறுமல் சற்றுக் குறைவதை வாசிப்போர் அறிவர். அவருடைய உடலும் அந்த இணைப்பில் சேர்ந்துவிடுவதே காரணம். எனவே பெட்டியின் உடலில் மின்சாரம் ஏறினால் தந்தியிலும் ஏறும். தந்தியில் ஏறினால் விரல்களிலும் ஏறும். விரல்கள் தந்தியில் இருக்க, உதடுகள் வேறொரு பெட்டியோடு இணைந்த உலோக மைக்கை நெருங்குகின்றன. எர்த் கம்பி செல்ல வேண்டிய வழியில் இப்போது ஒரு மனிதர் நிற்கிறார்.

வரலாறு தரும் சான்றுகள்

இது வெறும் கற்பனை அன்று. 1965 டிசம்பர் 3 அன்று, அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகர மேடையில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் தம் கிட்டாரோடு மைக்கை நெருங்கியபோது மின்சாரம் தாக்கி நினைவிழந்து விழுந்தார். அவர் பிழைத்துக்கொண்டார். அணிந்திருந்த காலணியின் ரப்பர் அடியே அவரைக் காத்தது என்பர். 1972 மே 3 அன்று, வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர அரங்கில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி மேடையில் மைக்கைத் தொட்டபோது மின்சாரம் பாய்ந்து இறந்தார். அவருக்கு வயது 27. யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராயிருந்த கீத் ரெல்ஃப் 1976 மே மாதத்தில் தம் வீட்டில், முறையான எர்த் இணைப்பு இல்லாத மின்சாரக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது இறந்தார். அவருக்கு வயது 33.

இன்னுமொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. 1950-களிலும் 1960-களிலும் அமெரிக்காவில் உருவான வால்வுப் பெட்டிகள் பலவற்றில், ஃபெண்டர் போன்ற புகழ்பெற்ற பெட்டிகள் உட்பட, இருமுள் பிளக்கே இருந்தது. எர்த் இல்லாததால் எழும் உறுமலைத் தணிக்க, மின்கம்பி ஒன்றுக்கும் பெட்டியின் உடலுக்கும் நடுவே ஒரு சிறிய கண்டென்சரை வைத்திருந்தார்கள். எந்தப் பக்கம் உறுமல் குறைகிறதோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள ஒரு சுவிட்சும் இருந்தது. பல்லாண்டு அது நன்றாகவே உழைத்தது. ஆனால் அந்தக் கண்டென்சர் உள்ளே பழுதாகி இரு முனைகளும் ஒன்றாகிவிட்டால், மின்சாரம் நேரே பெட்டியின் உடலுக்கு வந்துவிடும். இதனால் பிற்காலத்து மெக்கானிக்குகள் அதற்கு ‘டெத் கேப்’ என்று பெயர் சூட்டினார்கள்; சாவுக் கண்டென்சர் என்பது அதன் பொருள். அதை அமைத்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அக்காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருமுள் சாக்கெட்டுகளே இருந்தன. வாசிப்பவருக்கு அமைதி தரவே அவர்கள் முயன்றார்கள். ஆயினும், நல்லெண்ணத்தால் வாங்கப்பட்ட அமைதியும் காவலை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டால் என்றேனும் ஒரு நாள் கணக்குத் தீர்க்கச் சொல்லும் என்பதற்கு அது சான்றாகிவிட்டது. இன்று அத்தகைய பழைய பெட்டி கைக்கு வந்தால், அந்தக் கண்டென்சரை நீக்கி, எர்த் கம்பியோடு கூடிய மூன்று கம்பி ஒயரை அமைத்துத் தருவதே நல்ல மெக்கானிக்கின் வழக்கம்.

இரண்டு அமைதிகள்

இப்போது இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை அருகருகே வைத்ததாக எண்ணிக்கொள்வோம். ஒன்றில் காரணம் தேடிக் கண்டு உறுமல் நீக்கப்பட்டது. மற்றொன்றில் எர்த் கம்பி வெட்டப்பட்டது. சுவிட்சைப் போட்டால் இரண்டும் ஒரே வகையில் அமைதியாக இருக்கின்றன. எவ்வளவு கூர்மையான செவியாலும் வேறுபாடு காண இயலாது. முன்னதற்கு ஒரு நாள் உழைப்பு. பின்னதற்கு ஒரு நிமிடம். முன்னதற்குக் கூலி அதிகம், பின்னதற்குக் குறைவு. அறியாத வாடிக்கையாளர் பின்னவரையே கைராசிக்காரர் என்று புகழக்கூடும்.

அறநெறியின் கடினமான இடம் இதுவே. தீமை இரைச்சலோடு வந்தால் அதை எதிர்ப்பது எளிது. இங்கோ நன்மை இரைச்சலோடு நிற்கிறது. தீமை அமைதியோடு நிற்கிறது. கண்ணும் செவியும் நமக்கு உதவ மாட்டா. பிளக்கின் மூடி முடுக்கப்பட்ட பிறகு உள்ளே கம்பி இருக்கிறதா இல்லையா என்பதை அறிந்தவர் ஒருவர் மட்டுமே. அவருடைய மனச்சான்றைத் தவிர அங்கு வேறு சாட்சி இல்லை. பிறர் காணும் இடத்தில் நேர்மையாக இருப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே போதும். மூடிய பிளக்குக்குள் நேர்மையாக இருப்பதற்கு அன்பு வேண்டும்.

யாருக்கு அன்பு? இங்கே இரண்டாவது கடினம் தோன்றுகிறது. கம்பியை வெட்டுபவர் ஒருவர். அதனால் அடிபடுபவர் வேறொருவர். வெட்டியவருக்கு அன்று மாலையே ஆதாயம் கிடைத்துவிடுகிறது. ஆபத்தோ பெட்டிக்குள் ஒடுங்கிக் காத்திருக்கிறது. அப்பெட்டி விற்கப்படும், இரவல் கொடுக்கப்படும், மழை ஈரம் படிந்த தரையில் வைக்கப்படும். ஓர் ஆண்டோ ஐந்து ஆண்டோ கழித்து, வெறுங்காலோடு நின்று பாட வரும் ஒரு சிறுமியின் கைக்கு அது வந்து சேரலாம். வெட்டியவர் அவளைப் பார்த்ததுகூட இல்லை. தனக்கு நேரும் ஆபத்தை ஒருவர் தாமே ஏற்றுக்கொள்ள உரிமை உண்டா என்பதே விவாதத்துக்குரியது. முகமறியாத ஒருவரின் சார்பாக அதை ஏற்றுக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. அயலார் என்பவர் நம் கண்முன் நிற்பவர் மட்டும் அல்லர். நம் கைவேலை சென்று சேரும் தொலைவு வரை உள்ளவர் அனைவரும் நமக்கு அயலாரே.

மறுப்புகளும் மறுமொழியும்

இதற்கு மறுப்புகள் எழாமல் இல்லை. ‘பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறோம், இதுவரை ஒன்றும் நேர்ந்ததில்லையே’ என்பது முதலாவது. நம் ஊர் விழாப் பந்தல்களில் பிளக்கே இல்லாமல் இரு கம்பிகளைச் சாக்கெட்டில் நுழைத்துத் தீக்குச்சியால் அடைத்திருப்பதைப் பார்த்திராதவர் அரியர். அவர்கள் கூறுவது பொய்யன்று. ஆனால் விபத்து நேர இரண்டு குறைகள் ஒன்றுசேர வேண்டும். எர்த் இல்லாமை ஒன்று, மின்கசிவு மற்றொன்று. முதற் குறை எந்த அறிகுறியும் காட்டாது. இரண்டாவது வரும் நாளில்தான் முதலாவது வெளிப்படும். ‘இதுவரை நேரவில்லை’ என்பதற்கு ‘இரண்டாவது குறை இன்னும் வரவில்லை’ என்பதே பொருள். ஆயிரம் நாள் சும்மா இருந்து, ஆயிரத்தோராம் நாளில் ஒரு கணம் உழைப்பதே எர்த் கம்பியின் பணி. சும்மா இருந்த நாள்களைக் காட்டி அதைப் பயனற்றது என்று தீர்ப்பிடுவது நீதியாகாது.

‘நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடமே உள்ளது, இப்போது காரணம் தேட நேரம் ஏது?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை உண்டு. அவசரம் உண்மையான சுமை. ஆனால் அவ்வேளையில் நம்முன் இருப்பவை இரண்டு வழிகள் மட்டுமே என்று எண்ணுவது தவறு. உறுமலோடு வாசிக்கலாம், மின்னிணைப்பு இல்லாத மரக் கிட்டாரை மைக் முன் வைத்து வாசிக்கலாம், ஒரு பாட்டைக் குறைத்துக்கொள்ளலாம். இசை சற்றுக் குறைபட்டால் கேட்போர் மன்னிப்பர். மன்னிக்க முடியாத குறை வேறு இருக்கிறது.

‘மண்டபத்துச் சாக்கெட்டிலேயே எர்த் இல்லை, நம் பிளக்கில் இருந்து என்ன பயன்?’ என்பது மூன்றாவது. பிறர் தம் கடமையில் தவறியது நம் தவறுக்கு உரிமைச் சீட்டு ஆகாது. மேலும், எர்த் இல்லாத சாக்கெட்டும் உறுமலை உண்டாக்கும். ஒரே ஓசைக்கு எர்த் இரு வழியாக வளையமிட்டதும் காரணமாகலாம், எர்த் அறவே இல்லாததும் காரணமாகலாம். அந்த உறுமல் மண்டபத்தின் குறையை நமக்கு அறிவிக்க வந்த தூதாகவும் இருக்கலாம். தூதின் வாயை அடைப்பதற்குப் பதிலாக, மண்டபப் பொறுப்பாளரிடம் செய்தியைச் சேர்ப்பதே முறை. மேடை அமைப்போர் முறையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்கும் காப்புச் சுவிட்சும் இருக்கின்றனவா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பெட்டிக்கு வெளியே

இப்பாடம் ஆம்ப்ளிஃபயரோடு முடிவதில்லை. நம் சங்கங்களிலும் நிறுவனங்களிலும் தொல்லை தரும் வழக்கங்கள் சில உண்டு. காசோலைக்கு இருவர் கையொப்பம் வேண்டும் என்பது ஒன்று. ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. நல்லவர்கள் பொறுப்பில் உள்ள நாள்களில் இவற்றால் எப்பயனும் தெரிவதில்லை. தாமதமும் எரிச்சலுமே தெரிகின்றன. ‘நமக்குள் இதெல்லாம் எதற்கு?’ என்று ஒருவர் கேட்கிறார். வழக்கம் கைவிடப்படுகிறது. கூட்டங்கள் அமைதியாக நடக்கின்றன. வரவும் செலவும் பொருந்தவில்லை என்று முணுமுணுத்த கணக்கர் வேறு வேலைக்கு மாற்றப்பட்டால் இன்னும் அமைதியாக நடக்கின்றன. அந்த அமைதி எவ்வகையைச் சேர்ந்தது என்று கேட்கும் துணிவு நமக்கு வேண்டும்.

இவ்வாறு கூறுவதால் எல்லா இரைச்சலையும் போற்ற வேண்டும் என்பது நம் கருத்தன்று. நீக்க இயலும் இரைச்சலை நேர்வழியில் நீக்குதல் நற்செயலே. அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியாளர் 1955-இல் ஒரு பிக்கப்புக்குக் காப்புரிமை கோரினார். 1959-இல் அது வழங்கப்பட்டது. ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அவர் அமைத்தார். ஒன்றன் காந்த முனை மற்றதற்கு எதிராகவும், ஒன்றன் இணைப்புத் திசை மற்றதற்கு எதிராகவும் இருந்தன. தந்தியின் ஒலி இரண்டிலும் ஒன்றுகூடி வலுப்பெற்றது. வெளியிலிருந்து வந்த உறுமல் ஒன்றையொன்று எதிர்த்து அழிந்தது. அவர் எதையும் வெட்டவில்லை. இரண்டு சுருள்களும் உறுமலைக் கேட்கவே செய்கின்றன. கேட்டதை எதிரெதிரே நிறுத்தித் தீர்த்துக்கொள்கின்றன. இதற்கு மாறாக, வாசிப்பு நிற்கும் இடைவெளிகளில் மட்டும் ஒலியை அடைத்துவிடும் கருவி ஒன்றும் உண்டு. அது தீங்கற்றது. ஆனால் வாசிப்பு தொடங்கியதும் உறுமலும் உடன் வந்துவிடும், மறைக்கப்பட்டது நீக்கப்பட்டதாகாது.

பொறுத்துக்கொள்ள வேண்டிய இரைச்சலும் உண்டு. இரட்டைச் சுருளின் ஒலியைவிட ஒற்றைச் சுருளின் தெளிந்த ஒலியையே விரும்பி, அதனோடு வரும் மெல்லிய உறுமலையும் ஏற்றுக்கொள்ளும் கலைஞர்கள் இன்றும் பலர். காரணம் தெரிந்த, தீங்கு செய்யாத உறுமல் அது. அதை அவர்கள் அறிந்தே ஏற்கிறார்கள். அதற்கான விலையையும் தாங்களே கொடுக்கிறார்கள். காரணம் அறிந்து நீக்குவதும், காரணம் அறிந்து பொறுப்பதும் இரண்டும் அறிவுடைய செயல்களே. காரணம் அறியாமல் அடக்குவது மட்டுமே நம்மை ஆபத்தில் நிறுத்துகிறது. அறிந்தும் காவலைக் கழற்றிவிட்டு அடக்குவதோ குற்றமாகவே ஆகிவிடுகிறது.

நம் பொறுப்பில் ஓர் ஆம்ப்ளிஃபயரோ, மைக் செட்டோ, அயர்ன் பாக்ஸோ, கிரைண்டரோ இருக்குமாயின், அடுத்த முறை செருகுமுன் அதன் பிளக்கை ஒருமுறை கையில் எடுத்துப் பார்ப்போம். மூன்று முள்ளும் இருக்கின்றனவா, பச்சைக் கம்பி உரிய இடத்தில் முடுக்கப்பட்டிருக்கிறதா என்று அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்ப்போம். முள் உடைந்திருந்தால் அதை மாற்ற ஆகும் செலவு சிறிது. அதனால் மீண்டும் உறுமல் கேட்குமானால், உறுமட்டும். காரணத்தைத் தேடிக் காணும் வரையில் அதன் நடுவே நின்று பாடுவோம்.